ஒரு விசைப்பலகை புகட்டிய பாடம்

இம்மலரின் பதிப்பாசிரியர் எம்மிடம் வந்து, தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு கட்டுரை தருக என்று கேட்டபொழுது, சங்ககால விருந்தோம்பலைப் பற்றியோ கம்பன் கண்ட அறத்தைப் பற்றியோ யாம் எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பார். அத்தகைய பொருள்களை இதற்குமுன் வெளிவந்த மலர்களில் எம்மினும் வல்லார் பலர் எழுதியுள்ளனர். யாம் எழுதப் புகுவதோ ஒரு கணினியையும் அதன் விசைப்பலகையையும் பற்றியது. மலரின் பெருமைக்கு இஃது ஏற்குமோ என்னும் ஐயம் எமக்கும் உண்டு. ஆயினும் இதனை எழுதாது விடுதல் கூடாமைக்கு ஒரு காரணம் உளது.

இம்மலரின் பிறிதோரிடத்தில், எம் ஆசிரியப் பெருந்தகையாகிய பண்டிதர் ஐயா அவர்களின் நினைவுக் குறிப்புக்கள் வெளியாகின்றன. அவற்றை வாசிப்போர், 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் மாலையோடு அக்குறிப்புக்கள் திடீரென நின்றுவிடுவதைக் கண்டு, எஞ்சிய பக்கங்கள் அச்சகத்தில் தவறிவிட்டனவோ என எண்ணக்கூடும். அச்சகத்தார் மீது குற்றமில்லை. குற்றம் எம்முடையது. அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதனைப் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் அறிதல் வேண்டும்.

எமக்கும் விசைகளுக்கும் உள்ள தொடர்பு பிந்தியே தொடங்கியது. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போனபொழுது யாம் ஆறாம் வகுப்பில் இருந்தோம். ஜாம் போத்தலிற் சிறிது பஞ்சையும் சிறிது மண்ணெண்ணெயையும் இட்டு எரித்த விளக்கின் ஒளியிலேயே நன்னூலும் கணிதமும் படித்த தலைமுறை எமது. கணினி என்னும் சொல்லை எங்கேனும் வாசித்தோமேயன்றிப் பொருளைக் கண்டோமல்லேம். யாம் முதன்முதல் விரல் வைத்த விசை ஒரு தட்டெழுத்துப் பொறியினுடையது. தமிழின் 247 எழுத்துக்களையும் ஒரு சிறு பலகையில் அடக்குமாறு தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை வகுத்த ஆர். முத்தையா 1886 இற் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவுக்குச் சென்றவர் என்பதை எம் தட்டெழுத்து ஆசிரியர் முதல் நாளே சொல்லித் தந்தார். அது கேட்டு எம் நெஞ்சு நிமிர்ந்தது இன்றும் நினைவில் உளது.

தட்டெழுத்துப் பொறியில் ஒரு நன்மை உண்டு. விசையை அழுத்தினால் இரும்புக் கை எழும். எழுத்துத் தாளில் விழும். விழாவிடின் ஏன் விழவில்லை என்பதைக் கண்ணாற் காணலாம். கை வளைந்திருக்கும், அன்றேல் நாடா வற்றியிருக்கும். கணினியிலோ விரலுக்கும் எழுத்துக்கும் இடையில் நடப்பது யாதும் கட்புலனாவதில்லை. இவ்வேறுபாட்டை யாம் அன்று சிந்தித்திருப்போமாயின் பின்னர் வந்த துன்பத்திற் பாதி குறைந்திருக்கும்.

ஆசிரிய கலாசாலையில் இரண்டு ஆண்டு பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியராய், கற்ற கல்லூரிக்கே கற்பிக்க வந்தோம். இடையில் ஒரு விடுமுறையில் ஆசிரியர்களுக்கென நடாத்தப்பட்ட கணினி வகுப்பிற் சில நாள் இருந்து ஒரு சான்றிதழும் பெற்றோம். அச்சான்றிதழ் எம் அலுமாரியில் இருந்தது. அதன் செருக்கு எம் தலையில் இருந்தது.

2017 ஆம் ஆண்டு ஆடி மாதக் கடைசியில், புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் தமிழ் மன்றத்துக்கு ஒரு கணினி வாங்கப் பணம் அனுப்பினார். அவர் நோக்கம் ஒன்றே. எண்பது வயதைக் கடந்து, கண்ணொளி மங்கியிருந்த பண்டிதர் ஐயா அவர்கள் தம் நினைவுகளைச் சொல்லச் சொல்ல அவற்றைப் பதிந்து வைத்தல் வேண்டும் என்பதே அது. கல்லூரியின் கையெழுத்துச் சஞ்சிகைகளைப் பற்றியும், அவற்றில் எழுதிப் பழகிப் பின்னர் பெயர் பெற்றோரைப் பற்றியும், இடப்பெயர்வின்போது கல்லூரிப் பதிவேடுகள் காப்பாற்றப்பட்ட வரலாற்றைப் பற்றியும் முழுதறிந்தவர் அவர் ஒருவரே. அவர்தம் மகன் அவரைக் கொழும்புக்கு அழைத்துச் செல்ல நாள் குறித்திருந்தார். எமக்குக் கிடைத்தவை 26 நாட்கள். இரண்டாம் தவணை விடுமுறை தொடங்கியமையால் மாலைப்பொழுதெல்லாம் எமதாயிருந்தது.

கையால் எழுதியிருக்கலாமே என்று வாசிப்போர் கேட்கலாம். பண்டிதர் ஐயாவும் அதையே கேட்டார். கணினியிற் பதிந்தாற் பின்னர்த் திருத்தலாம், படியெடுக்கலாம், கடல்கடந்தும் அனுப்பலாம் என யாம் விளக்கினோம். “இன்றோ நாளையோ ஆயத்தமாகிவிடும் ஐயா” என்றோம். அச்சொல்லைப் பதினைந்து நாள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கணினியின் உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்தினாற் செலவு குறையும் எனச் சொல்லி அப்பணியை ஏற்றவர் எம் பழைய மாணவர் ஒருவர். தம் பெயரை எழுதவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டமையால் தம்பி என்றே ஈண்டுக் குறிப்போம். சாதாரண தரத்தோடு கல்லூரியை விட்டவர். ஒரு திருத்தகத்தில் வேலை செய்பவர். எம் வகுப்பிற் பின் வரிசையில் யன்னலோரத்தில் இருந்தவர். கேட்டாலன்றி வாய் திறவார். அவரை யாம் கேட்டதும் அரிது. நன்னூலிற் பவணந்தி முனிவர் மாணாக்கரை வகுத்துரைக்குமிடத்து, அன்னமும் பசுவும் போன்றோர் தலையாயவர், மண்ணும் கிளியும் போன்றோர் இடையாயவர், ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் போன்றோர் கடையாயவர் என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். ஒருநாள் வகுப்பில் அவரைச் சுட்டி ‘இல்லிக் குடம்’ என்று யாம் சொன்னோம். வகுப்பு நகைத்தது. அவர் தலை குனிந்தார். யாம் அடுத்த சூத்திரத்துக்குச் சென்றுவிட்டோம்.

அத்தம்பி ஒரு மாலையிலே தாய்ப்பலகை, செயலி, நினைவகம், வன்தட்டு, மின்வழங்கி ஆகியவற்றைத் தமிழ் மன்ற அறையில் வைத்துப் பொருத்தினார். சிறு திருகாணிகளை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் இட்டு, ஒன்றேனும் குறையாது எண்ணி எண்ணி எடுத்தமை கண்டு மனத்துள் வியந்தோம், வாயாற் சொன்னோமல்லேம். கணினி உயிர்பெற்றது. திரையில் எழுத்துத் தோன்றியது.

“சேர், நான் ஞாயிற்றுக்கிழமை வந்து விண்டோஸ் போட்டுத் தாறன்” என்றார்.

“வேண்டாம் தம்பி. அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். இறுவட்டு எங்களிடம் இருக்கிறது” என்றோம்.

அந்த இறுவட்டு, கல்லூரி முன்னர் விலைகொடுத்து வாங்கிய விண்டோஸ் 7 என்னும் பணிசெயல் முறைமைக்கு உரியது. எமக்குப் பழகிய பாமினி எழுத்துருவும் பக்கம் அமைக்கும் மென்பொருளும் அதிலேயே இயங்கிவந்தன. அதனை இட்டுக் கணினியைத் தொடக்கினோம். எந்த மொழி வேண்டும் என்று கேட்கும் பக்கம் திரையில் வந்தது. விசையை அழுத்தினோம். அசைவில்லை. சுட்டியை நகர்த்தினோம். திரையிலிருந்த அம்பு நட்டுவைத்த கம்பம்போல் நின்றது. முழுமையாய் இயங்கும் ஒரு கணினி எம்மை நோக்கி வினா எழுப்பிக்கொண்டு நிற்க, விடை சொல்ல எமக்கு வழியில்லை.

பழைய கணினிகள் சிலவற்றில், விசைப்பலகை அகப்படவில்லை என்று அறிவித்துவிட்டு, தொடர்வதற்கு ஒரு விசையை அழுத்துக என்று அடுத்த வரியிற் கட்டளையிடும் வழக்கம் இருந்தது. அதனைச் சொல்லி முன்னர் நகைத்திருக்கிறோம். இப்பொழுது நகைக்க இயலவில்லை.

பின்னர் யாம் செய்தவற்றை ஒழுங்காகச் சொல்கின்றோம். முதலில் விசைப்பலகையின் வடத்தை வேறு துறைகளில் மாற்றி மாற்றிச் செருகினோம். முன்புறத்தில் இரண்டு, பின்புறத்தில் ஆறு, கறுப்பு நிறத்தன சில, நீல நிறத்தன சில, எட்டிலும் பயனில்லை. அடுத்த நாள் விசைப்பலகையைக் கடைக்கு எடுத்துச் சென்றோம். அங்கே வேறொரு கணினியில் அது செவ்வனே எழுதியது. ஆயினும் மனம் அடங்காது புதிதாய் ஒன்று வாங்கினோம். அதுவும் எழுதவில்லை. விஞ்ஞான ஆய்வுகூடத்திலிருந்து மூன்றாவதொன்றை இரவல் பெற்றோம். அதுவும் ஊமையாயிற்று.

மூன்று பலகைகளும் ஒருங்கே பழுதாதல் இயலாது என்னுமளவுக்கு எம் தருக்கம் சரியே. அதன்மேற் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். உள்ளிருந்த வடங்களையெல்லாம் ஒவ்வொன்றாய் அழுத்தி இறுக்கினோம். தாய்ப்பலகையிற் காசு போன்ற வட்ட மின்கலம் ஒன்று உண்டு. அதனை எடுத்துச் சிறிது நேரம் வைத்துவிட்டு மீளப் பொருத்தினால் ஆரம்ப அமைப்புக்கள் பழைய நிலைக்கு மீளும் எனக் கேள்விப்பட்டிருந்தோம். அதனையும் செய்தோம். மொழி கேட்கும் பக்கம் மறுபடியும் வந்தது. விசைகள் மறுபடியும் வாளாவிருந்தன. கடைக்காரரோ, தாய்ப்பலகையைச் சோதிக்க வேண்டுமாயிற் கொழும்புக்கு அனுப்பவேண்டும், மூன்று கிழமை செல்லும் என்றார்.

இவ்வளவு செய்த யாம் செய்யாதது ஒன்றே. பொருத்தியவரை அழைத்துக் கேட்கவில்லை. ஏன் என்பதை இப்பொழுது ஒளிக்க வேண்டியதில்லை. நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிய வாயால், எம்மால் இயலவில்லை என்று சொல்ல நா எழவில்லை. அதனிலும், இல்லிக் குடம் என்று யாம் கழித்த ஒருவரிடம் சென்று சொல்ல ஒருசிறிதும் எழவில்லை. எழாத நா வேறு வழி தேடிற்று. அக்கிழமை நடந்த பழைய மாணவர் சங்கக் கூட்டத்திற் கணினி என்னாயிற்று என்று ஒருவர் கேட்டார். “பொருத்தியவரின் கைப்பிழை, பலகையைக் கெடுத்துவிட்டார்போலும்” என்று பலர் முன்னிலையில் விடையிறுத்தோம். ஊர் சிறிது, சொல் விரைவில் நடந்தது. திருத்தகத்தின் முதலாளியும் கேள்விப்பட்டார். தம்பி கல்லூரிப் பக்கம் வரவில்லை.

நாள்தோறும் மாலையிற் பண்டிதர் ஐயா வீட்டுக்குச் செல்வோம். காலடியோசை கேட்டதும், “தம்பி, பலகை பேசுதோ?” என்பார். இல்லை என்போம். பதினைந்தாம் நாள் அவர் சாய்கதிரையில் நிமிர்ந்திருந்து கேட்டார்: “பூட்டினவனைக் கேட்டாயோ?”

“இல்லை ஐயா. அவர் படிக்கிற காலத்திலேயே...” என்று தொடங்கினோம்.

“நன்னூலிலே மாணாக்கரைப் பற்றின சூத்திரம் உனக்கு மறக்கவில்லை. ஆசிரியர் ஆகாதவரைப் பற்றின சூத்திரம் என்ன சொல்லுது?”

யாம் விடை சொல்லவில்லை. அறியாமையாலன்று. கழற்காய் பெய்த குடம், மடல் நிறைந்த பனை, பஞ்சு அடைத்த குண்டிகை, வளைந்த தென்னை ஆகிய நான்கையும் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். மடற்பனையை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. கருக்கு மட்டைகள் அறுக்குமாகையால் எவரும் கிட்டச் சென்று ஏறிப் பறிக்க இயலாது. தானாய் விழுந்ததையே பிறர் பொறுக்கிக்கொள்ளலாம். நன்னூலார் மாணாக்கரின் குறைகளுக்கு வைத்தது போலவே ஆசிரியரின் குறைகளுக்கும் உவமை வைத்துள்ளார். யாம் முன்னதை வகுப்பிற் பயன்படுத்தினோம். பின்னதைப் பரீட்சைக்கு மாத்திரம் கற்பித்தோம்.

அன்றிரவே துவிச்சக்கர வண்டியிலே தம்பியின் வீட்டுக்குச் சென்றோம். படலையிற் பலமுறை மணியடிக்க வேண்டியிருக்கும் என எண்ணினோம். முதல் மணிக்கே வந்தார். யாம் சொல்ல ஆயத்தம் செய்துகொண்டு வந்த சொற்கள் யாவும் மறந்துபோயின. “தம்பி, கீபோட் வேலை செய்யவில்லை” என்ற அளவே வந்தது. அவர் எம்மை ஒருமுறை பார்த்தார். “சேர், முதல் திரையிலை வேலை செய்ததோ?” என்று கேட்டார்.

கேள்வி எமக்கு விளங்கவில்லை. அவர் ஒரு பையை எடுத்துக்கொண்டு எம்மோடு வந்தார்.

தமிழ் மன்ற அறையில் அவர் தகட்டைக் கழற்றவில்லை, வடத்தைத் தொடவில்லை. கணினியைத் தொடக்கி, முதல் எழுத்துக்கள் தோன்றிய கணத்திலே டிலீற் என்னும் விசையைத் தட்டினார். நீல நிறத்திலே ஒரு பக்கம் திறந்தது. பயோஸ் என்னும் ஆரம்ப நிலை அது. அம்பு விசைகளை அழுத்த அழுத்த, திரையிலே தெரிவு மேலும் கீழும் ஓடிற்று. பதினைந்து நாளாய் ஊமையென்று யாம் தீர்ப்பளித்த அதே விசைப்பலகை எம் கண்முன் பேசியது.

“இப்ப பாருங்கோ சேர்” என்று இறுவட்டிலிருந்து தொடக்கினார். மொழி கேட்கும் பக்கம் வருவதற்கு முன்னர், விசைப்பலகையின் மூலையில் எரிந்துகொண்டிருந்த சிறு பச்சை விளக்கு அணைந்தது. அது நாள்தோறும் அணைந்திருத்தல் வேண்டும். யாம் ஒருநாளும் கண்டோமல்லேம்.

“கீபோட்டிலை பிழையில்லை, போட்டிலையும் பிழையில்லை. அதைக் கேக்கிற ஆள்தான் இந்த இறுவட்டுக்குள்ளை இல்லை.”

அவர் விளக்கியதை எம் நடையிலே தருகின்றோம். 1996 இல் முதன்முதல் வரையறுக்கப்பட்ட யூ.எஸ்.பி. என்னும் இணைப்பு வழியில், விசைப்பலகை தானாக வாய் திறக்கும் வழக்கம் இல்லை. செருகியவுடன் கணினியினுள் உள்ள கட்டுப்படுத்தி ‘நீ யார்?’ என்று முதலில் வினவும். அதற்கு விடை பெற்றபின், ‘சொல்ல ஏதேனும் உண்டோ?’ என ஒரு செக்கனில் நூறு தடவையளவில் வினவிக்கொண்டேயிருக்கும். அவ்வினாவுக்கு விடையாகவே, அழுத்தப்பட்ட விசை இன்னதென்று விசைப்பலகை சொல்லும். வினவுவோர் இல்லையாயின் அது சொல்லமாட்டாது.

கணினி தொடங்கும் முதற் சில கணங்களிலே பயோஸ் தன் சொந்த அறிவால் வினவுகிறது. பின்னர்ப் பணிசெயல் முறைமையிடம் பொறுப்பை ஒப்படைத்து விலகிக்கொள்கிறது. விண்டோஸ் 7 வெளியானது 2009 ஒக்டோபரில். யூ.எஸ்.பி. 3.0 என்னும் புதிய வகை வரையறுக்கப்பட்டது 2008 நவம்பரில். அதன் கட்டுப்படுத்தியோடு பேசும் மென்பொருள் விண்டோஸ் 7 இன் இறுவட்டிற் சேர்க்கப்படவில்லை. 2012 இல் வந்த விண்டோஸ் 8 இலேயே அது இயல்பாய் அமைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த தாய்ப்பலகைகளிற் பெரும்பாலானவற்றில் பழைய கட்டுப்படுத்தியும் உடனிருந்தமையால் இடர் தோன்றவில்லை. 2015 இல் வெளிவந்த இன்ரெல் 100 வரிசைச் சில்லுத் தொகுதிகளோடு அப்பழையது நீக்கப்பட்டது. எமது தாய்ப்பலகை அவ்வரிசையைச் சார்ந்தது. துறை கறுப்பாயினும் நீலமாயினும், எட்டும் ஒரே புதிய கட்டுப்படுத்தியின் கீழ் இருந்தன. எட்டுத் துறையில் எண்பது விசைப்பலகையைச் செருகினும் பயன் அதுவே. இதில் எவர் மீதும் பழியில்லை. பின்னர் வரப்போவதை முன்னர் வந்த இறுவட்டு அறிந்திராது.

பின்னர் அவர் பையிலிருந்து ஒரு பழைய விசைப்பலகையை எடுத்தார். அதன் முனை உருண்டையானது, ஊதா நிறமுடையது, உள்ளே ஆறு ஊசிகள் கொண்டது. ஐ.பி.எம். நிறுவனம் 1987 இல் தன் பீ.எஸ்.2 கணினிகளோடு கொண்டுவந்த வகை. இவ்வகை விசைப்பலகை வினாவுக்குக் காத்திராது. விசையை அழுத்திய கணமே தானாகச் செய்தியை அனுப்பும். அதனைக் கேட்கும் திறன் பழைய இறுவட்டுக்கு உண்டு. எம் தாய்ப்பலகையின் பின்புறத்திலே பாதி ஊதாவும் பாதி பச்சையுமான ஒரு வட்டத் துறை இருந்தது. அதனைப் பதினைந்து நாளும் பார்த்தும் அது எதற்கென்று யாம் எண்ணவில்லை. இவ்வகையை மின்னோட்டம் இருக்கும்பொழுது செருகுதல் தகாது என்று சொல்லி, கணினியை அணைத்துச் செருகி மீளத் தொடக்கினார். மொழி கேட்கும் பக்கம் வந்தது.

“நீங்கள் அமத்துங்கோ சேர்” என்றார்.

அழுத்தினோம். பக்கம் மாறிற்று.

விண்டோஸ் முழுவதும் பதிந்தபின், தாய்ப்பலகையோடு பெட்டியில் வந்த இறுவட்டிலிருந்து யூ.எஸ்.பி. 3.0 இற்கு உரிய இயக்கியைப் பதிந்தார். எம் புதிய விசைப்பலகையின் பச்சை விளக்கு எரிந்தது. அந்த இறுவட்டு பதினைந்து நாளும் எம் மேசை மீதே கிடந்தது. அதன்மேல் யாம் தேநீர்க் கோப்பை வைத்திருந்தோம்.

பழைய விசைப்பலகை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டோம். “எங்கடை பள்ளிக்கூடத்தது தான் சேர். லாபிலை கழிச்சுப் போட்டதை அதிபரைக் கேட்டு எடுத்தனான். நான் இதைக் கழட்டிப் பூட்டித்தான் பழகினனான்” என்றார். எம் வகுப்பிற் பின் வரிசையில் இருந்த காலத்திலே அவர் இதனைக் கற்றிருக்கிறார். யாம் அறியவில்லை. ஒருநாளேனும் வினவியிருந்தால் அறிந்திருப்போம்.

எஞ்சியவை பதினொரு நாட்கள். பண்டிதர் ஐயா சொல்ல யாம் தட்டினோம். அவர் நினைவு தெளிந்த நீர்போல் ஓடிற்று. கல்லூரியின் கீற்றுக் கொட்டகைக் காலம், கையெழுத்துச் சஞ்சிகைகள், அவற்றின் அட்டைகளில் ஓவியம் தீட்டியோர், நாடகங்கள், 1990 இற்குப் பின் விளக்கொளியில் நடந்த வகுப்புக்கள் என ஒவ்வொன்றாய் வந்தன. பதினொராம் நாள் மாலை 1995 ஒக்டோபர் 30 இற்கு வந்தார். ஒலிபெருக்கியில் அறிவித்தல் கேட்டது, மழையில் ஊர் முழுவதும் தெருவில் இறங்கியது, தாம் கல்லூரிக்கு ஓடிச் சென்று இரண்டு றங்குப் பெட்டிகளைத் திறந்தது, ஒன்றிற் பதிவேடுகளையும் மற்றதிற் கையெழுத்துச் சஞ்சிகைகளையும் அடுக்கியது ஆகியவற்றைச் சொன்னார். அன்று களைத்துப்போனார். “மிச்சத்தை நாளைக்குச் சொல்லுறன்” என்றார். மறுநாள் விடியற்புறம் மகனார் வாகனத்தோடு வந்துவிட்டார்.

கொழும்பில் ஐயா வீழ்ந்து நோயுற்றார். தொலைபேசியில் அழைத்தோம். எம்மை அறிந்தார், பெட்டிகளை அறியவில்லை. 2019 இல் இறைவனடி சேர்ந்தார். பதிவேடுகள் கொண்ட பெட்டி இடப்பெயர்வின் பின் கல்லூரிக்கு மீண்டது. இன்றும் அலுவலகத்தில் உளது. மற்றப் பெட்டி எங்கே ஒப்படைக்கப்பட்டது என்பதே அவர் நாளைக்குச் சொல்ல இருந்தது. அப்பதினைந்து நாளும் வீணாகாதிருப்பின், கல்லூரியின் அரிய செல்வம் ஒன்றன் இருப்பிடம் இம்மலரில் இடம்பெற்றிருக்கும்.

மாணவர்க்கு ஒரு சொல். விண்டோஸ் 7 இற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதனை இன்று எவரும் புதிதாய்ப் பதிதல் வேண்டா. ஆயினும் புதிதாய்ப் பொருத்திய கணினி விசைப்பலகையை அறியாதவிடத்துச் சோதிக்கும் ஒழுங்கு மாறவில்லை. முதலில் விளக்கு எரிகிறதா, எப்பொழுது அணைகிறது என்று நோக்குக. பயோஸ் நிலையில் விசை இயங்குகிறதா என்று பார்க்குக. ஆங்கு இயங்குமாயிற் பலகையும் வடமும் துறையும் நலமே. பணிசெயல் முறைமையையும் அதன் இயக்கியையும் ஆராய்க. ஆங்கும் இயங்காவிடின் பின்புறத் துறையிற் செருகிப் பார்க்குக. ஏனெனில் முன்புறத் துறைகளுக்குச் செல்லும் உள்வடம் பொருத்தப்படாதிருத்தல் உண்டு. விசைப்பலகையை வேறு கணினியிற் சோதித்த பின்னரே அதனைப் பழிக்குக. பொருத்தியவரை முதல் நாளே கேட்குக.

ஆசிரிய நண்பர்க்கும் ஒரு சொல் உண்டு. வினவாதவிடத்து விடை வாராமை விடையின்மை ஆகாது. இப்பொழுது எம் வகுப்பில் யன்னலோரத்துப் பின் வரிசையிலிருந்து வினாவைத் தொடங்குகின்றோம்.

அன்று சங்கக் கூட்டத்தில் எம் சொல்லைக் கேட்டோர் பலர் இம்மலரை வாசிப்பர். தம்பியின் கையிற் பிழை ஏதும் இருக்கவில்லை. பலர் முன்னிலையில் யாம் சொன்ன பழியைப் பலர் முன்னிலையில் மீளப் பெறுகின்றோம். அவர் இன்று சொந்தமாய்த் திருத்தகம் நடாத்துகின்றார். இம்மலரின் பக்கங்களும் அவர் பொருத்திய அதே கணினியில், பின்னர் அவர் புதிய முறைமை பதிந்து தந்தபின், தட்டப்பட்டவையே. இக்கட்டுரையை அவரிடம் முதலில் வாசிக்கக் கொடுத்தோம். வாசித்துவிட்டு, “சேர், இல்லிக் குடத்தை எடுத்துவிடுங்கோ; மற்றப் பிள்ளையளும் வாசிக்குங்கள்” என்றார். எடுக்கவில்லை. அவர் பொறுப்பாராக.

முடிவாகப் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். 1995 ஒக்டோபர் 30 இரவும் அதன் பின்னரும் பண்டிதர் ஐயாவோடு தென்மராட்சி நோக்கி நடந்தோர், பச்சை நிறம் பூசிய அந்த றங்குப் பெட்டியைக் கண்டோர், சுமந்தோர், யார் வீட்டில் வைக்கப்பட்டது என்று செவிவழியாகவேனும் கேட்டோர் எவரேனும் இருப்பின், கல்லூரித் தமிழ் மன்றத்துக்கு ஒருவரி எழுதுங்கள். நீங்கள் எந்த நாட்டிலிருப்பினும் சரியே. உங்களை இதுவரை எவரும் கேட்டிராமையாற் சொல்லாதிருந்திருப்பீர்கள். இப்பொழுது கேட்கின்றோம்.